ஓட்டை ஜீப்புல நல்ல சத்தம்: எம்எம் 540-க்கு ஸ்பீக்கர் மாத்துன வேலை, முழு விவரம்

வண்டி மஹிந்திரா எம்எம் 540. பியூஜோ டீசல் இன்ஜின், 2112 சிசி, நாலு சிலிண்டர், நாலு கியர். மேல படுதா, பக்கவாட்டுல கதவுன்னு பேருக்கு ரெக்ஸின் தச்ச ஃப்ரேம், அதையும் பாதி நாள் கழட்டி வீட்டுலயே போட்டுருவாரு. வண்டி எங்க மாமாவோடது. வாடிப்பட்டி தாண்டி தோட்டம், சிறுமலை மேலயும் கொஞ்சம் வாழை போட்டிருக்காரு, அதனால வண்டி ஒண்ணு திண்டுக்கல் நாலுவழிச் சாலையில காத்தடிக்க ஓடும், இல்லன்னா சிறுமலையோட 18 கொண்டை ஊசி வளைவுல ரெண்டாவது கியர்ல முக்கிக்கிட்டு ஏறும். இந்த ரெண்டு நிலைமையும் ஆடியோவுக்கு வேற வேற பிரச்சனை, அதை பின்னாடி சொல்றேன். நான் மதுரையில ஆட்டோ எலக்ட்ரிகல் வேலை பாக்குறவன், ஆடியோ வேலையும் எடுப்பேன், பழைய வண்டின்னா கொஞ்சம் கூடுதலாவே பிடிக்கும்.

மாமா போன்ல கேட்டது இதுதான். "மாப்ள, பாட்டு கத்துதே ஒழிய ஒரு வார்த்தை வெளங்க மாட்டேங்குது. ரோட்டுல ஏறிட்டா மேளச்சத்தம் செத்துப்போகுது. ஆக்சிலேட்டர மிதிச்சா கூடவே ஊய்னு ஒரு சத்தம் ஏறுது. கடையில கேட்டா இன்னும் பெரிய ஆம்ப் போடணும், பின்னாடி 12 இன்ச் ஊஃபர் வைக்கணும்ங்கறாய்ங்க. வச்சுரவா?"

"எதுவும் வாங்காதீங்க மாமா. ஒரு ஒயரையும் கழட்டாம வண்டிய அப்படியே கொண்டாங்க"ன்னேன்.

ஜிப்சி வச்சிருக்கவங்க, பழைய பொலேரோ, 2010-ல வந்த முதல் தார் வச்சிருக்கவங்கன்னு எல்லாரும் இதே குறையோடதான் வர்றாங்க, எல்லாரும் வாட்ஸ் மேலதான் காசைக் கொட்டியிருக்காங்க. அதனாலதான் இந்த ஒரு வண்டிய எடுத்து முழுசா எழுதுறேன். திறந்த ஜீப்புல ஸ்பீக்கரோட விலைய விட ஸ்பீக்கருக்கு பின்னாடி என்ன இருக்குங்கறதுதான் முக்கியம், பின்பக்கம் மூடல்னா லட்ச ரூபா ஸ்பீக்கரும் தகரம் மாதிரிதான் கேக்கும்.

வந்தப்ப வண்டியில இருந்தது

டேஷ்போர்டு தகட்டுல ரெண்டு ஓட்டை வெட்டி 4 இன்ச் ஸ்பீக்கர் ரெண்டு. பின்பக்கம் திறந்த வெளி, வைப்பர் மோட்டார் ஒயரெல்லாம் அதுமேலதான் தொங்குது. பின்னாடி படுதா கம்பியில ஒரு மெல்லிசு ப்ளைவுட் பலகைய கட்டி அதுல 6-க்கு 9 ஓவல் ஸ்பீக்கர் ரெண்டு, முகம் கீழ பாத்து, முதுகு படுதாவ பாத்து. அட்டைப்பெட்டியில 500 வாட்ஸ்னு போட்டிருந்துச்சாம். ஆம்ப், அதாவது ஸ்பீக்கருக்கு பவர் ஏத்தி குடுக்குற பெட்டி, இடது பக்க பெஞ்சுக்கு அடியில தரையோட தரையா ஸ்க்ரூ அடிச்சு கெடந்துச்சு, வண்டிய பைப்பு வச்சு கழுவுற ஆளு மாமா, தண்ணி நேரா அதுமேலதான் போகும்.

ஓவல் ஸ்பீக்கர்ல ஒண்ண விரலால லேசா அமுக்கி பாத்தேன். கூம்பைச் சுத்தி இருந்த ஃபோம் வளையம் பொடிப்பொடியா கையோட வந்துருச்சு. கூம்பு பேப்பர், ஒரு பக்கம் நனைஞ்சு காஞ்சு அலை அலையா நெளிஞ்சிருக்கு. மதுரை வெயில்ல ஃபோம் வளையம் ரொம்ப நாள் தாங்காது, வண்டி வெட்டவெளியில நிக்கும், உள்ள சூடு வெளிய இருக்கறத விட எவ்வளவோ ஏறும், அதுகூட மலை மேல பனி, மழைக்காலத்துல சாரல். ரப்பர் வளையமும் பாலி கூம்பும்தான் இந்த வண்டிக்கெல்லாம் சரி.

இன்ஜின ஆஃப் பண்ணி, வண்டிய நிப்பாட்டி, பாட்டு போட்டு கேட்டேன். இது முக்கியமான சோதனை. நிக்கிற வண்டியிலயே பேஸ், அதாவது கும்முனு வர்ற அடி சத்தம், இல்லன்னா குத்தம் இன்ஜின் மேலயோ ரோடு மேலயோ இல்ல. இதுல நிக்கும்போதே இல்ல.

மாமாவுக்கு புரியணும்ங்கறதுக்காக ஒரு வேலை பண்ணேன். ரெண்டு ஸ்பீக்கர்ல நல்லா இருந்த இன்னொண்ண கழட்டி, ஒயர் இணைப்போடயே கையில தூக்கி பிடிச்சேன், தவில் ஓடுது, டிக் டிக்னு வலந்தலை சத்தம் மட்டும் வருது, தொப்பி பக்கத்து கும்முனு வர்ற சத்தம் சுத்தமா இல்ல. பட்டறையில கெடந்த ஒரு அட்டைப்பெட்டியில ஸ்பீக்கர் அளவுக்கு ஓட்டை போட்டு வச்சிருந்தேன், வாயெல்லாம் டேப் ஒட்டி மூடியிருக்கு. ஸ்பீக்கர அந்த ஓட்டை மேல கொண்டுபோய் வச்சு அமுக்குனேன், வால்யூம தொடவே இல்ல. தொப்பி கும்முனு இறங்குச்சு. எடுத்தேன், போச்சு. வச்சேன், வந்துச்சு. மாமா என் கையில இருந்து வாங்கி அவரே வச்சு எடுத்து வச்சு எடுத்து பாத்துட்டு, "அப்ப இம்புட்டு நாளும் பாதி பாட்டுதான் கேட்டுக்கிட்டு இருந்தேனா?"ன்னாரு.

காரணம் இதுதான். கூம்பு முன்னாடி காத்தைத் தள்ளுற அதே நேரத்துல பின்னாடி காத்தை இழுக்குது. முன்னாடி வர்ற அலையும் பின்னாடி வர்ற அலையும் நேர் எதிர். 3000 ஹெர்ட்ஸ்னா (நொடிக்கு 3000 அதிர்வு) அலையோட நீளம் 11 சென்டிமீட்டர்தான், அது சுத்தி வளைஞ்சு வராது, அதனால டிக் டிக் சத்தம் தப்பிச்சுக்கும். 80 ஹெர்ட்ஸ்னா நாலு மீட்டருக்கு மேல, அது ஸ்பீக்கரோட விளிம்பைச் சுத்தி சாவகாசமா இந்தப் பக்கம் வந்து முன் அலைய அடிச்சு காலி பண்ணிரும். கார் கதவுல ஸ்பீக்கர் இருந்தா கதவுத் தகடே ரெண்டு பக்கத்தையும் பிரிச்சு வச்சுரும், ஓரளவு சமாளிச்சுக்கும். ஜீப்புல பிரிக்கிறதுக்கு எதுவுமே கெடையாது. இந்த நிலைமையில ஆம்ப் பெருசாக்குனா முன் அலையும் ஏறும், பின் அலையும் ஏறும், அடிபடுறதும் சேந்தே ஏறும், மிஞ்சுறது கீச்சு சத்தம் மட்டும்தான். அதத்தான் மாமா கத்துதுன்னு சொன்னாரு.

இன்ஜின் எந்த சத்தத்த சாப்புடுது

நாலு சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக். ஒரு சுத்துக்கு ரெண்டு தடவ வெடிக்கும். நிக்கிறப்ப 750 ஆர்பிஎம்னா நொடிக்கு 25 வெடி, அதாவது 25 ஹெர்ட்ஸ். நாலாவது கியர்ல 60, 65 வேகத்துல இன்ஜின் சுமாரா 2400 சுத்தும், கணக்கு போட்டா நேரா 80 ஹெர்ட்ஸ். 3000 போனா 100. மேளம், பேஸ் கிட்டாரோட அடி சத்தம் எங்க இருக்கோ சரியா அதே எடத்துல இன்ஜின் உக்காந்திருக்கு. நம்ம காது ரெண்டு சத்தம் ஒரே எடத்துல இருந்தா பெருச மட்டும்தான் எடுத்துக்கும். அதனால நாலுவழிச் சாலையில ஆழமான பேஸ இன்ஜினோட போட்டி போட்டு ஜெயிக்கவே முடியாது, 12 இன்ச் ஊஃபர் வச்சாலும் தகடு அதிரும், பக்கத்து கார்காரன் திரும்பி பாப்பான், உள்ள இருக்கறவனுக்கு கும்முனு ஒரு மூட்டம் மட்டும் இருக்கும்.

ஜெயிக்கக்கூடிய எடம் ரெண்டு. ஒண்ணு 100-ல இருந்து 300 வரைக்கும், தவிலோட உடம்பு, ஆண் குரலோட கனம் எல்லாம் அங்கதான் கெடக்கு. ரெண்டு, 300-ல இருந்து 3000 வரைக்கும், வார்த்தை புரியறது இங்கதான். டயர் சத்தமும் காத்து சத்தமும் இங்க வந்து கைய வைக்கும், அதுக்கு ஒரே வழி ஸ்பீக்கர காதுக்கும் கண்ணுக்கும் முன்னாடி, கிட்ட கொண்டாந்து வைக்கிறது. பின்னாடி தொங்குற ஓவல் ஸ்பீக்கர் டிரைவருக்கு ரெண்டு மீட்டர் தள்ளி, பின்மண்டைய பாத்து பாடுது. அது பின் பெஞ்சுல இருக்கற ஆளுக்குத்தான் லாபம், அங்க பெரும்பாலும் இருக்கறது வாழைத்தார்.

ஒயரிங்: இங்கதான் எனக்கு கோவம் வந்துச்சு

பேட்டரியில 13.9 வோல்ட், இன்ஜின் ஓடுறப்ப. ஆம்ப் டெர்மினல்ல, பாட்டு சத்தமா ஓடுறப்ப, 12.1. கிட்டத்தட்ட ரெண்டு வோல்ட் ஒயர்லயே கரையுது. ஒயர வெட்டி பாத்தா வெளிய பருமனா இருக்கு, ஆனா பாதி பிளாஸ்டிக்கு, உள்ள இருக்கறது காப்பர் பூசுன அலுமினியம். கத்தி நுனியில லேசா சுரண்டுனா வெள்ளையா தெரியும், கடையில வாங்கும்போதே இத பண்ணி பாத்துருங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

அத விட மோசம், பேட்டரி பக்கத்துல ஃபியூஸே கெடையாது. ஆம்ப்லயே ஃபியூஸ் இருக்கே, போதாதான்னு கேப்பாங்க. ஆம்ப்ல இருக்கற ஃபியூஸ் ஆம்ப காப்பாத்தும். பேட்டரிக்கும் ஆம்புக்கும் நடுவுல மூணு மீட்டர் ஒயர் ஓடுதே, அது எங்கயாவது பாடில உரசி தோல் உரிஞ்சா பேட்டரியோட மொத்த சக்தியும் அந்த எடத்துலதான் இறங்கும், ஒயரே அடுப்புக்கம்பி ஆயிரும். இந்த வண்டியில இன்ஜின் ரூம்ல இருந்து உள்ள வர்ற தகட்டு ஓட்டையில ரப்பர் க்ரோமெட் (ஓட்டை விளிம்புக்கு போடுற வளையம்) இல்லாம ஒயர நேரா சொருகியிருந்தாங்க. ஜீப் குலுங்கி குலுங்கி தகட்டு விளிம்பு ஒயர் தோல பாதி அறுத்திருச்சு, சிவப்பு தோலுக்குள்ள வெள்ளி மாதிரி கம்பி எட்டி பாக்குது. அத மாமாகிட்ட காட்டுனேன். சின்னப் பசங்கள பின்னாடி உக்கார வச்சுக்கிட்டு தோட்டத்துக்கு போற வண்டி இது. இத எழுதும்போதும் எனக்கு மனசு ஆற மாட்டேங்குது. ஃபியூஸ் ஹோல்டர், க்ரோமெட் ரெண்டும் சேந்து எம்புட்டு ரூவா ஆகும்? ஆடியோ வேலைக்கு வண்டிய விடுறவங்க பாட்டு கேக்குறதுக்கு முன்னாடி பானெட்ட தூக்கி பேட்டரியில இருந்து ஒரு முழத்துக்குள்ள ஃபியூஸ் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா வண்டிய எடுக்காதீங்க.

அந்த ஊய் சத்தத்துக்கு வர்றேன். டீசல் இன்ஜின்ல ஸ்பார்க் பிளக் கெடையாது, அதனால டிக் டிக்னு இக்னிஷன் சத்தம் வராது. ஆர்பிஎம்மோட ஏறி இறங்குற ஊய் சத்தம்னா ஆல்டர்னேட்டர்தான், அதாவது இன்ஜின் ஓடுறப்ப பேட்டரிய சார்ஜ் பண்றது. ஆல்டர்னேட்டர் கெட்டுப்போச்சுன்னு உடனே அர்த்தம் இல்ல, முதல்ல எர்த்த, அதாவது மைனஸ் ஒயர் பாடியில சேர்ற எடத்த, பாக்கணும். ஆம்போட எர்த் ஒயர பெஞ்சு போல்ட்ல, பெயிண்ட்டு மேலயே முறுக்கி விட்டிருந்தாங்க. ஹெட்யூனிட் (டேஷ்ல பாட்டு போடுற செட்டு) எர்த் டேஷ்போர்டுல வேற ஒரு எடத்துல. ரெண்டு எர்த்துக்கும் நடுவுல கொஞ்சம் வோல்ட் வித்தியாசம் இருந்தாலே அது ஆர்சிஏ ஒயர் (ஹெட்யூனிட்ல இருந்து ஆம்புக்கு பாட்டு போற ஒயர்) வழியா ஓடி பாட்டோட கலந்துரும். பத்தாததுக்கு ஆர்சிஏ ஒயரையும் பவர் ஒயரையும் ஒண்ணா சேத்து டேப் சுத்தி ஒரே பக்கமா கொண்டு போயிருந்தாங்க.

இன்னொண்ணும் கெடச்சுச்சு. டேஷ்ல இருந்த 4 இன்ச் ரெண்டுல ஒண்ணு மாத்தி குடுத்திருந்தாங்க, ப்ளஸ் மைனஸ் இடம் மாறி. ஒண்ணு முன்னாடி தள்ளுறப்ப இன்னொண்ணு பின்னாடி இழுக்கும், நடுவுல பேஸ் இன்னும் கொஞ்சம் செத்துப்போகும், குரல் எங்க இருந்து வருதுன்னே தெரியாது. இத கண்டுபிடிக்க மிஷினெல்லாம் வேணாம், 1.5 வோல்ட் பென்டார்ச் செல்லு ஒண்ணு போதும். ஆம்ப்ல இருந்து ஸ்பீக்கர் ஒயர கழட்டிட்டு, ப்ளஸ் ஒயர செல்லோட ப்ளஸ்லயும் மைனஸ மைனஸ்லயும் ஒரு நொடி தொட்டா கூம்பு வெளிய துள்ளணும். உள்ள போச்சுன்னா மாறியிருக்குன்னு அர்த்தம்.

என்ன முடிவு எடுத்தோம்

படுதாவுல தொங்குனத மொத்தமா எடுத்தாச்சு. முன்னாடி ரெண்டு பக்கமும் கால் வைக்கிற எடத்துக்கு பக்கவாட்டுல, டேஷ்போர்டுக்கு கீழ, மூடுன பெட்டி. அதுல 6.5 இன்ச் மெரைன் கோஆக்சியல், அதாவது படகுக்குன்னு செய்யுறது, தண்ணியும் வெயிலும் தாங்குற பாலி கூம்பு, ரப்பர் வளையம். ட்வீட்டர (கீச்சு சத்தத்துக்கான குட்டி ஸ்பீக்கர், கோஆக்சியல்ல அது கூம்பு நடுவுலயே இருக்கும்) தனியா வைக்கிற காம்பொனன்ட் செட் நல்லா இருக்கும்தான், ஆனா டேஷ் மேல ட்வீட்டர் திறந்த ஜீப்புல புழுதியில நிக்காது, திருட்டு பயம் வேற.

ஸ்பீக்கர் வாங்குறப்ப வாட்ஸ் பாக்கல, சென்சிடிவிட்டிதான் பாத்தோம். ஒரு வாட் குடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தா எத்தன டெசிபல்ங்கற கணக்கு அது. 3 டெசிபல் கூட வேணும்னா ஆம்ப் பவர ரெண்டு மடங்கு ஆக்கணும். 88 டெசிபல் ஸ்பீக்கருக்கு பதிலா 92 வாங்குனா ஆம்ப ரெண்டரை மடங்கு பெருசாக்குன மாதிரி, கரண்ட் ஒரு ஆம்பியர்கூட கூட செலவாகாம. பழைய ஜீப்புல ஆல்டர்னேட்டர் இந்தக் கால கார் அளவுக்கு குடுக்காது, ஹெட்லைட் ரெண்டும் ஹை பீம்ல எரிஞ்சாலே 9 ஆம்பியர் கிட்ட போயிரும், அதனால இங்க இந்த கணக்கு சாதாரண கார விட ரொம்ப முக்கியம்.

ஹெட்யூனிட் மேல 50 வாட்ஸ் 4 சேனல்னு அச்சடிச்சிருக்குமே, அதையும் சொல்லிருறேன். 14.4 வோல்ட் சப்ளையில, 4 ஓம் ஸ்பீக்கருக்கு, உள்ள இருக்கற சின்ன ஐசி சுத்தமா குடுக்கக்கூடியது சேனலுக்கு 20 வாட்ஸ் சுமார்தான். வோல்ட்டே அதுக்கு மேல விடாது. மூடுன காருக்கு அது போதும், திறந்த ஜீப்புக்கு பத்தாது. அதனால சின்ன கிளாஸ் டி ஆம்ப் (கரண்ட அதிகம் வீணாக்காத வகை), 4 சேனல், சேனலுக்கு 50 வாட்ஸ் ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து குடுக்கக்கூடிய பவர். முன் ரெண்டு சேனல் முன் ஸ்பீக்கருக்கு, பின் ரெண்டையும் பிரிட்ஜ் பண்ணி, அதாவது ஒரே சேனலா சேத்து, 8 இன்ச் சப் (அடி சத்தத்துக்கு மட்டும் உள்ள ஸ்பீக்கர்) ஒண்ணுக்கு. முழு சத்தத்துல 250 வாட்ஸ்னு வச்சாலும் 80 சதவீத திறன்ல 23 ஆம்பியர் சுமார், பாட்டு ஓடுறப்ப சராசரி அதுல கொஞ்சம்தான். 30 ஆம்பியர் ஃபியூஸ், 10 ஸ்கொயர் எம்எம் சுத்த காப்பர் ஒயர்.

சப் எதுக்கு, இன்ஜின்தான் சாப்பிட்டுருமேன்னு கேக்கலாம். மலையில மெதுவா போறப்பவும் தோட்டத்துல நிக்கிறப்பவும் அது வேலை செய்யும், அதுக்கு மேல முக்கியமான காரணம், 80-க்கு கீழ உள்ள சத்தத்த சப்புக்கு தள்ளி விட்டா முன் ஸ்பீக்கர் கூம்பு தேவையில்லாம ஆடாது, குரல் தெளியும்.

பெட்டி

அட்டையில முதல்ல மாதிரி செஞ்சோம். வலது பக்கம் ஆக்சிலேட்டர் இருக்கு, கால் அந்தப் பக்கம்தான் போகும். அட்டைப்பெட்டிய டேப் போட்டு ஒட்டிட்டு மாமாவ செருப்போட உக்கார வச்சு, ஆக்சிலேட்டர், பிரேக், கிளட்ச் மூணையும் அடி வரைக்கும் மிதிக்கச் சொன்னேன், அப்பறம் காலை சட்டுனு ஆக்சிலேட்டர்ல இருந்து பிரேக்குக்கு மாத்தச் சொன்னேன். உரசுன எடத்தையெல்லாம் பேனாவுல கோடு போட்டு குறைச்சோம். முதல்ல நெனச்சிருந்தது 9 லிட்டர், கடைசியில வந்தது ஐந்தரை. சத்தத்துக்காக பெடல் இடத்துல கை வைக்கவே கூடாது. இடது பக்கம் எடம் நிறைய இருந்தாலும் ரெண்டு பக்கமும் ஒரே அளவு பெட்டிதான், இல்லன்னா ரெண்டும் ரெண்டு விதமா பாடும்.

பலகை எம்டிஎஃப் வேணவே வேணாம், தண்ணி பட்டா ரொட்டியா ஊறிப்போகும். ஐஎஸ் 710 முத்திரை உள்ள மெரைன் ப்ளைவுட், 12 எம்எம். ஆசாரி அண்ணே கோணல் பெட்டிய பாத்துட்டு முதல்ல தலைய சொறிஞ்சாரு, அப்பறம் அட்டை மாதிரிய அப்படியே பிரிச்சு பலகை மேல விரிச்சு கோடு இழுத்து சாயங்காலத்துக்குள்ள அறுத்து குடுத்துட்டாரு. பசை, ஸ்க்ரூ, உள் மூலைக்கெல்லாம் எம்சீல். மூடுன பெட்டின்னா உண்மையிலயே மூடணும், ஒயர் வர்ற ஓட்டைகூட அடைக்கணும். சரியா மூடியிருக்கான்னு பாக்க, கூம்ப மெதுவா உள்ள அமுக்கி விட்டா அது பைய திரும்பி வரணும், டக்குனு வந்தா எங்கயோ காத்து போகுது. உள்ள பாலியெஸ்டர் பஞ்சு லேசா உதறிப் போட்டோம். தலகாணிக்கு போடுற இலவம்பஞ்சு ஈரம் பிடிச்சு கட்டியாகிரும், அது வேணாம். வெளிய ரெண்டு கோட்டு பெயிண்ட், அதுமேல சீட்டுக்கு போட்ட அதே கருப்பு ரெக்ஸின்.

8 இன்ச் சப்புக்கு 12 லிட்டர் மூடுன பெட்டி, இடது பெஞ்சுக்கு அடியில. பாடி தகட்ட ஓட்டை போட்டு அடியில பெரிய வாஷர் வச்சு நைலாக் நட்டு போட்டு இறுக்கியாச்சு. மர ஸ்க்ரூவுல நிக்கவே கூடாது, வண்டி உருண்டாலோ முட்டுனாலோ அந்தப் பெட்டி முன்னாடி இருக்கறவன் முதுகுலதான் வந்து நிக்கும். தகட்டுல டிரில் போடுறதுக்கு முன்னாடி அடியில படுத்து பாத்துக்கங்க, பழைய ஜீப்புல நெறைய வண்டிக்கு டிரைவர் சீட்டுக்கு அடியிலயே டீசல் டேங்க் இருக்கும், பிரேக் பைப்பும் ஓடும்.

ஆம்ப் அதே பெஞ்சுக்கு அடியிலதான், ஆனா தரையில இருந்து நாலு விரல் தூக்கி, ஹைலம் சீட்டுல (கரண்ட் கடத்தாத கெட்டி அட்டை), ரப்பர் புஷ் வச்சு. ஆம்ப் எர்த்த பாடியில பெயிண்ட்ட உப்புத்தாள் போட்டு வெள்ளைத் தகடு தெரியுற வரைக்கும் தேச்சு, லக்கு வச்சு இறுக்கி, மேல கிரீஸ் தடவினேன், ஹெட்யூனிட் எர்த்தையும் அதே எடத்துக்கே கொண்டாந்தேன். பேட்டரியில இருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போற பழைய எர்த் பட்டையையும் மாத்தியாச்சு, பாசி பிடிச்சு கெடந்துச்சு. பவர் ஒயர் வலது பக்கம், ஆர்சிஏ இடது பக்கம். இன்ஜின ஸ்டார்ட் பண்ணி முறுக்குனோம், ஊய் சத்தம் சுத்தமா இல்ல.

அதிர்வு, அட்ஜஸ்ட்மென்ட்

நல்ல பேஸ் வந்தவுடனே ஜீப்புல இருக்கற லூசெல்லாம் பேச ஆரம்பிச்சுரும். விண்ட்ஷீல்டு மடிக்கிற கீல், படுதா கம்பி, டூல் பாக்ஸ் மூடி. ஒவ்வொண்ணா கைய வச்சு பிடிச்சு பாத்து கண்டுபிடிச்சோம், பாதிக்கு மேல பழைய சைக்கிள் டியூப வெட்டி இடையில வச்சே அடக்கியாச்சு. முன் பக்கவாட்டு தகட்டுக்கு மட்டும் ப்யூட்டைல் ஷீட், முழுசா மெழுக வேண்டியதில்ல, தகட்டோட நடுப்பகுதியில கால்வாசி ஒட்டுனா போதும். தார் ஷீட் விலை கம்மின்னு வாங்கிறாதீங்க, கத்திரி வெயில்ல இளகி வழியும், வண்டி முழுக்க தார் வாடை.

முன் ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸ் ஹைபாஸ் (அதுக்கு மேல உள்ளத மட்டும் விடும்), சப்புக்கு 80 லோபாஸ் (கீழ உள்ளத மட்டும் விடும்). கெயின்ங்கறது வால்யூம் கிடையாது, உள்ள வர்ற சிக்னல ஆம்ப் எவ்வளவு பெருசாக்கணும்ங்கற அளவு, ஹெட்யூனிட்ட முக்கால் வால்யூம்ல வச்சு, கெயின மெதுவா ஏத்தி, குரல் கரகரக்க ஆரம்பிச்ச எடத்துல இருந்து கொஞ்சம் இறக்கி விட்டேன். 100-லயிருந்து 200 வரைக்கும் ஈக்வலைசர்ல லேசா தூக்கினேன், 3000 பக்கம் ரெண்டு டெசிபல் இறக்கினேன், அங்க ஏத்துனா கொஞ்ச நேரம் நல்லா இருக்கும், திண்டுக்கல் போறதுக்குள்ள தலைவலி வந்துரும்.

ஓட்டி பாத்தது

வாடிப்பட்டியில இருந்து திண்டுக்கல் வரைக்கும் 60, 65-ல, படுதா போட்டு, பக்க கதவு இல்லாம. வார்த்தை ஒவ்வொண்ணும் தெளிவா கேக்குது, முன்ன வச்சிருந்தத விட வால்யூம் குறைவு. தவிலோட தொப்பி சத்தம் இருக்கு. 80 கிலோமீட்டர் வேகம் தாண்டுனா ஆழமான பேஸ் போயிருது, அது போகத்தான் செய்யும், அந்த வேகத்துல இந்த வண்டிய ஓட்டவும் வேணாம். சிறுமலை ஏத்தத்துல ரெண்டாவது கியர்ல இன்ஜின் கத்துறப்ப சப் ஒண்ணும் தெரியல, வளைவு தாண்டி கால எடுத்தவுடனே மொத்தமும் திரும்ப வந்துருது. மாமா பேசாம கேட்டுக்கிட்டே வந்தாரு, அஞ்சாறு வளைவு தாண்டி, "நாயனத்துல மூச்சு எடுக்குறதுகூட கேக்குதுடா மாப்ள"ன்னாரு. எனக்கு அதுக்கு மேல என்ன வேணும்.

மேல காடு ஆரம்பிக்கிற எடத்துல பாட்ட நிறுத்தச் சொல்லிட்டேன். வளைவுல எதிர்ல வர்ற பஸ்ஸோட ஹாரன் கேக்கணும், காட்டுக்குள்ள பாட்டு போடுறதும் எனக்கு உடன்பாடு இல்ல. ஊருக்குள்ளயும் குடியிருப்பு பகுதிக்கு பகல்ல 55 டெசிபல், ராத்திரி 45-தான் சட்டப்படி அளவு, திறந்த ஜீப்புல அத தாண்டுறது ரொம்ப சுலபம். ஹெட்யூனிட்ல ஸ்டார்ட் வால்யூம் ஒரு அளவுக்கு மேல போகாத மாதிரி பூட்டி குடுத்திருக்கேன்.

ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்க நனைஞ்ச பின்னாடி வண்டிய வரச்சொல்லி திறந்து பாத்தேன். பெட்டி உப்பல, கூம்பு அப்படியே இருக்கு. சப் டெர்மினல் ஒண்ணுல பச்சையா களிம்பு ஏற ஆரம்பிச்சிருந்துச்சு, வெட்டி புதுசா க்ரிம்ப் பண்ணி ஹீட் ஷ்ரிங்க் போட்டாச்சு. ஸ்பீக்கர் க்ரில் ஸ்க்ரூ துரு பிடிச்சது, எல்லாத்தையும் ஸ்டெயின்லெஸ்ஸுக்கு மாத்தியிருக்கேன்.

டேஷ்போர்டுல பழைய 4 இன்ச் ஓட்டை ரெண்டும் இன்னும் இருக்கு. ஒண்ணுல ஆம்பியர் மீட்டருக்கு பக்கத்துல ஒரு வோல்ட் மீட்டர் வைக்கலாம்னு இருக்கேன், இன்னொண்ண தகடு வச்சு டிங்கரிங்ல மூடணும். ஹெட்யூனிட்டும் பழசுதான், ப்ரீ அவுட் (ஆம்புக்கு போற சிக்னல்) 2 வோல்ட்தான் வருது, அடுத்து 4 வோல்ட் குடுக்கறதா பாத்து மாத்துனா ஆம்ப் கெயின இன்னும் இறக்கலாம், நிசப்தமான எடத்துல லேசா வர்ற ஸ்ஸ்ஸ் சத்தமும் குறையும். அறுவடை முடியட்டும்னு மாமா சொல்லியிருக்காரு.